முதல் இரண்டு வருடம்

அந்தப் பெண்ணைப் பாமா அதற்கு முன் இரண்டு தடவை பார்த்திருந்தாள். இரண்டு தடவையும் அதே இடம்தான். ஏர்போர்ட் ரோட்டில் இருந்த தங்கள் ஆபீசின் வரவேற்பு மேசைக்கு முன்னால், கையில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். இன்று மூன்றாவது தடவை. அது 2002ஆம் வருடம் பிப்ரவரி மாதம். முந்தின வருடம்வரை எஞ்சினியர்களை வலைபோட்டுத் தேடிய பெங்களூர்க் கம்பெனிகள் கதவைச் சாத்திக்கொண்டிருந்த காலம்.

"எத்தனை தடவைம்மா சொல்றது? இங்க ஃப்ரெஷர்ஸ் எடுக்கறதில்ல. மினிமம் ரெண்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் வேணும்," என்றாள் வரவேற்பில் இருந்தவள்.

"ரெஸ்யூமேவ உள்ள மட்டும் குடுங்க மேடம். படிச்சிட்டுத் தூக்கிப் போட்டாக்கூட பரவால்ல. படிக்காம போட வேணாம்."

மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு மாடிப்படி ஏறிவந்த பாமாவுக்கு அந்தக் கடைசி வாக்கியம் காதில் விழுந்தது. நின்றாள்.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"எலக்ட்ரானிக்ஸ், மேடம். போன வருஷம் முடிச்சேன். எழுபத்தொம்பது பர்சென்ட். கேம்பஸ்ல வேலை கிடைச்சுது. சேர வேண்டிய தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது தள்ளி வெச்சிருக்கோம்னு லெட்டர் வந்துது. அப்புறம் லெட்டரே வரல."

அவள் பெயர் அல்போன்சா. வீடு மர்பி டவுனில். அப்பா ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தார். இதையெல்லாம் கேட்ட பிறகும் பாமாவுக்கு நகர மனம் வரவில்லை. ஏதோ தோன்றி, ஒரு கேள்வி கேட்டாள்.

"நீங்க ஒரு சர்க்யூட் டிசைன் பண்றீங்கன்னு வெச்சுக்கங்க. அது சரியா இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

அல்போன்சா கொஞ்ச நேரம் யோசித்தாள். "நான் பாத்தா சரியாதான் மேடம் தெரியும். என்மேல கோபமா இருக்கற யாருகிட்டயாவது குடுத்துப் பாக்கச் சொல்லுவேன்."

பாமா செய்துவந்த வேலையே அதுதான். ஒரு சிப்பின் வடிவம் தைவானிலோ வேறெங்கோ இருக்கும் ஆலைக்குப் போய் மணலும் உலோகமுமாக மாறிவிட்டால் அதில் ஒரு புள்ளியைக்கூட அழித்து எழுத முடியாது. தப்பு இருந்தால் பல மாதமும் பல கோடியும் போயிற்று. ஆகவே ஒருவர் வடிவமைத்தால் இரண்டு பேர் அதை நம்பாமல் உட்கார்ந்து, இப்படி நடந்தால் என்ன ஆகும், அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று குடைந்துகொண்டே இருப்பார்கள். அப்படிக் குடைவதற்குப் புத்தியைவிடக் குணம் முக்கியம். பாமாவின் குழுவில் இரண்டு வருடம், மூன்று வருடம் அனுபவம் உள்ளவர்களிடமே அந்தக் குணம் தேடினாலும் கிடைக்காது. அது இப்போது பிளாஸ்டிக் உறையோடு வாசலில் நிற்கிறது.

அவள் அந்த உறையை வாங்கிக்கொண்டு நேராக ரங்கநாதனின் அறைக்குப் போனாள்.

ரங்கநாதன் கம்பெனியின் டைரக்டர். மல்லேஸ்வரத்துக்காரர், நாற்பத்தைந்து வயது, அமெரிக்காவில் பத்து வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். கெட்டவர் இல்லை. ரெஸ்யூமேவை முழுவதும் படித்தார்.

"நல்ல பொண்ணு மாதிரிதான் தெரியறா. ஆனா என்ன பண்றது, பாமா? கிளையண்ட் நம்மகிட்ட என்ன வாங்கறான்? ஆளோட வருஷத்தைத்தான் வாங்கறான். ரெண்டு வருஷத்துக்குக் குறைஞ்ச ஆளை அவன் லிஸ்ட்லயே சேர்க்கமாட்டான்."

"எல்லாரும் ரெண்டு வருஷம் இருக்கற ஆளைத்தான் கேட்டா, அந்த முதல் ரெண்டு வருஷத்தை யாரு சார் குடுக்கறது?"

"யாராவது குடுப்பா. நாம இல்லை, இப்போதைக்கு." உறையைத் திருப்பிக் கொடுத்தார். "உங்களுக்கு அவ்வளவு அக்கறை இருந்தா நீங்களே குடுங்களேன்."

அவர் கிண்டலாகச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று பாமாவுக்குத் தெரியவில்லை. அவளுக்கு அப்போது வயது இருபத்தெட்டு. தருமபுரிக்காரி. தொண்ணூற்றாறில் படிப்பை முடித்துவிட்டு, ஓசூரில் டெலிவிஷன் பெட்டிகளுக்குத் திருகு முடுக்கும் வரிசையில் பதினான்கு மாதம் நின்றவள். இந்தக் கம்பெனியில் முதலில் அவளை எடுத்தது எஞ்சினியராக அல்ல. கையேடுகளையும் சிடிக்களையும் அடுக்கிவைக்கும் ஆளாக. அடுக்கிக்கொண்டே படித்தாள், படித்துக்கொண்டே மேலே வந்தாள். ஆகவே ரங்கநாதன் சொன்னதை அவள் உத்தரவாகவே எடுத்துக்கொண்டாள்.

அல்போன்சா மாதிரி வேலை கிடைக்காதவர்களுக்குக் காலையில் தானே வகுப்பு எடுப்பது என்று முடிவு செய்தாள். அதற்கு இடம் கிடைத்தது அல்போன்சாவால். மர்பி டவுன் மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் கிளாரன்ஸ் என்பவர் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். முன்பு அது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். ஆறு கம்ப்யூட்டர்கள், எல்லாம் பழசு. காலை ஒன்பது மணிக்கு மேல்தான் அவருடைய மாணவர்கள் வருவார்கள்.

"ஆறுலருந்து எட்டு வரைக்கும் சும்னே தூங்கிட்டுதான் இருக்குது மெஷினுங்க," என்றார் கிளாரன்ஸ், கன்னடம் கலந்த தமிழில். "ஆனா ஒண்ணு மேடம். நீங்க இன்னாமோ லினக்ஸு போடணும்ன்றீங்க. என் விண்டோஸுக்கு ஏதாவது ஆச்சுன்னா பசங்க என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க."

"ஹார்ட் டிஸ்க்ல பாதியைத் தனியாப் பிரிச்சு அதுல போடறேன். உங்க பக்கம் கை வைக்கமாட்டேன்."

"வெச்சா?"

"நானே வந்து சரிபண்ணிக் குடுக்கறேன்."

"சரி, சாவி அல்போன்சாகிட்ட இருக்கட்டும். அது கரெக்டான பொண்ணு. எங்க சர்ச்சு கொயர்லயே யாரு தப்பாப் பாடினாலும் நிறுத்திடும்."

கம்பெனியில் அவர்கள் பயன்படுத்திய சிமுலேட்டர் மென்பொருள் இந்த மாதிரி ஏழை இடங்களுக்கு எட்டாத விலை. ஆனால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒன்று இருந்தது. மெதுவானது, முரண்டு பிடிக்கும், ஆனாலும் ஒரு சர்க்யூட் சிப்பாகுமுன், கம்ப்யூட்டரில் வெறும் எழுத்தாக இருக்கும்போதே அதை ஓட்டிப் பார்க்க அது போதும். பாமா அதை சிடியில் இறக்கிக்கொண்டு வந்தாள்.

மார்ச் முதல் வாரத்தில் ஏழு பேர் சேர்ந்தார்கள். ஒரு மாதத்தில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஒருத்திக்குக் கல்யாணம், ஒருவனுக்கு கால் சென்டர் வேலை. மிச்சம் ஐந்து பேர். அதில் தினேஷ் என்பவன் சந்தாபுராவிலிருந்து வந்தான். இரண்டு பஸ் மாறி, ஆறு மணிக்கு வகுப்பு என்றால் ஐந்தே முக்காலுக்கே வந்து, மூடிய ஷட்டருக்கு முன்னால் நிற்பான். அவனுடைய அப்பா பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுபவர்.

பாமா போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. தான் எழுதியதைத் தானே சரிபார்க்கக் கூடாது. ஒருவர் எழுதினால் பக்கத்து நாற்காலிக்காரர் அதை உடைக்க வேண்டும். உடைக்க முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று எழுதித் தர வேண்டும்.

கல்லூரியில் யாரும் அவர்களுக்கு அதைச் சொல்லித் தந்திருக்கவில்லை. சரியான விடையை எழுதி மார்க் வாங்கப் பழகியவர்கள். தங்கள் விடையை இன்னொருவர் கிழிக்கும்போது முகம் சுருங்கியது. முதல் சில வாரங்களில் சிந்து என்ற பெண் ஒருநாள் அழுதேவிட்டாள்.

தினேஷின் முகம் மட்டும் சுருங்காது, கடுக்கும். ஐந்து பேரில் அவன்தான் வேகமானவன். ஏப்ரலில் அவன் ஒரு சிறு நினைவகம் எழுதினான். பதினாறு எண்களை வரிசையாக வாங்கிவைத்துக்கொண்டு, வந்த வரிசை மாறாமல் வெளியே விடுவது அதன் வேலை. டிக்கெட் கவுண்டர் வரிசை போலத்தான். எந்தச் சிப்பை எடுத்தாலும் அதற்குள் இப்படிப் பத்து வரிசைகள் இருக்கும். அவன் எழுதியது அழகாக இருந்தது. பாமாவே படித்துப் பார்த்துக் குறை ஒன்றும் காணவில்லை.

அல்போன்சா அதைப் பத்து நாள் விடவில்லை. பதினோராம் நாள் காலையில் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"பதினாறும் நிறைஞ்சு இருக்கறப்ப, ஒரே கிளாக் துடிப்புல ஒண்ணை உள்ள தள்ளி ஒண்ணை வெளிய எடுத்தா இது என்ன பண்ணுது பாரு. இடமில்லைன்னு சொல்லிப் புதுசா வந்ததைத் தூக்கிப் போட்டுடுது. ஆனா அதே நேரத்துல ஒண்ணு வெளிய போயிட்டுதான இருக்கு? இடம் இருக்கு."

"அப்படி ரெண்டும் ஒரே நேரத்துல எப்ப நடக்கப் போவுது?" என்றான் தினேஷ்.

"நடக்காதுன்னு நீ எழுதிக் குடுப்பியா?"

அன்று எட்டு மணி ஆனதும் எழுந்து போனவன், மறுநாள் அதைத் திருத்தி எழுதிக்கொண்டு வந்து முதலில் அல்போன்சாவிடம்தான் நீட்டினான். அதைப் பார்த்த அன்றுதான் பாமாவுக்கு இவர்கள் தேறிவிடுவார்கள் என்ற நம்பிக்கை வந்தது.

ஜூன் கடைசியில் தினேஷ் வரவில்லை. முதலில் இரண்டு நாள், பிறகு ஒரு வாரம். அவன் கொடுத்திருந்த எண் பக்கத்து மளிகைக் கடையுடையது. பாமா போன் செய்தபோது கடைக்காரர், அவனுடைய அப்பாவின் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள் என்றும், பையன் வேலை தேடித் தினமும் டவுனுக்குப் போய்வருகிறான் என்றும் சொன்னார். வந்தால் பேசச் சொல்லுங்கள் என்றாள். அவன் பேசவில்லை.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆபீசில் நேர்முகத் தேர்வு. பாமாவின் சக ஊழியர் ஒருவருக்கு உடம்பு சரியில்லாததால் கடைசி நேரத்தில் அவளை உட்காரச் சொன்னார்கள். அறைக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் ரங்கநாதன் ரெஸ்யூமேவை அவள் பக்கம் தள்ளினார். பாமா பெயரைப் படிப்பதற்குள் கதவு திறந்தது.

தினேஷ் உள்ளே வந்தான். புதுச் சட்டை, யாரிடமோ இரவல் வாங்கிய டை. பாமாவைப் பார்த்ததும் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

"உட்காருங்க," என்றார் ரங்கநாதன்.

பாமா காகிதத்தைப் பார்த்தாள். ஐதராபாத்தில் ஒரு கம்பெனி, இரண்டு வருடம் ஒரு மாதம், டிசைன் எஞ்சினியர். கீழே, கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு கன்சல்டன்சியின் முத்திரை. இந்த மாதிரி முத்திரைகளை விற்பவர்கள் ஊரில் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். தன் மாணவன் அங்கே போவான் என்று அவள் நினைத்ததில்லை.

ரங்கநாதன் கேள்விகளை ஆரம்பித்தார். தினேஷின் குரல் முதலில் நடுங்கியது. ஆனால் கேள்விகள் சர்க்யூட்டுக்குள் போகப் போக அவன் பயத்தை மறந்தான். எழுந்து போய்ப் பலகையில் வரைந்தான். கால் மணி நேரத்தில் ரங்கநாதன் நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தார்.

"சரி. இந்த வரிசை நிறைஞ்சிருக்கு. ஒரே கிளாக்ல ஒண்ணு உள்ள வருது, ஒண்ணு வெளிய போறது. என்ன பண்ணுவீங்க?"

தினேஷின் கை பலகையில் நின்றது. "இதுல நான் ஒரு தடவை தப்புப் பண்ணியிருக்கேன் சார். நடக்காதுன்னு நெனச்சுட்டேன். கூட வேலை பண்றவங்க கண்டுபிடிச்சுக் காட்டினாங்க." பிறகு எப்படித் தவறியது, எப்படித் திருத்தினான் என்று வரைந்தே காட்டினான்.

"வெரி குட். எந்த ப்ராஜெக்ட்ல இது?"

தினேஷ் பாமாவைப் பார்த்தான். அவள் தலையை நிமிர்த்தவில்லை. "ஐதராபாத்ல..." என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் வாய் எழவில்லை.

"கான்ஃபிடென்ஷியலா? பரவாயில்லை, விடுங்க," என்றார் ரங்கநாதன் சிரித்துக்கொண்டே. "வெளிய வெயிட் பண்ணுங்க."

கதவு மூடியதும் அவர் பாமாவின் பக்கம் திரும்பினார். "ஆறு மாசமா இந்த மாதிரி ஒரு ஆளைத்தான் தேடிண்டிருந்தேன். திங்கட்கிழமையே சேரச் சொல்லிடலாமா?"

பாமா அந்த முத்திரையை மறுபடியும் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். சந்தாபுராவில் ஒரு வீட்டில் அடுப்பு எரியும். ஒருவருக்கும் நஷ்டமில்லை, அவன் வேலையும் செய்வான், நன்றாகவே செய்வான். ஆனால் அல்போன்சா? சிந்து? இவன் இப்படி நுழைந்தான் என்று தெரிந்தால், நாளைக்கு அந்த நாலு பேரும் முத்திரை வாங்க எந்தத் தெருவில் போய் நிற்பார்கள்? தானே கூட்டிக்கொண்டு போய் நிறுத்திய மாதிரி ஆகாதா?

"சார், அந்த ரெஸ்யூமே பொய்," என்றாள். "அவன் ஐதராபாத்தே போனதில்லை. போன வருஷம் காலேஜ் முடிச்சவன். நாலு மாசமா மர்பி டவுன்ல என்கிட்டதான் வந்துக்கிட்டிருந்தான்."

ரங்கநாதனின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. "தெரிஞ்சுண்டே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தீங்களா?"

"கதவு திறந்தப்பதான் சார் எனக்கும் தெரியும். அப்பவே சொல்லியிருக்கணும், வாய் வரல. அது என் தப்பு."

"இந்த மாதிரி ஆளுங்களை நாம கிட்டயே சேர்க்கறதில்லை. உங்களுக்குத் தெரியும்."

"சேர்க்க வேண்டாம் சார். அவன் பண்ணினது தப்பு, நான் அதுக்குப் பரிஞ்சு பேசமாட்டேன். ஆனா ஒண்ணு சொல்லுங்க. அரை மணி நேரமா பலகையில பாத்தீங்களே, அது எத்தனை வருஷ வேலைன்னு நெனச்சீங்க?"

அவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு வருஷம்னு நம்பினீங்க. அது நாலு மாசம். காலையில ரெண்டு மணி நேரம், பழைய மெஷின்ல."

"பாமா, அதுவும் இதுவும் ஒண்ணு இல்லை. ஏமாத்தறது ஏமாத்தறதுதான்."

"ஆமா சார்." அவள் குரலை உயர்த்தவில்லை. இதைச் சொன்னால் வேலையே போகலாம் என்று அவளுக்குத் தெரிந்தது. சொன்னாள். "தொண்ணூத்தெட்டுல ஜெர்மன் கிளையண்ட்டுக்கு என் ரெஸ்யூமேவை அனுப்பினீங்க. எஞ்சினியரா வேலை பாக்க ஆரம்பிச்சு எனக்கு அப்ப பத்து மாசம். அதுல ரெண்டரை வருஷம்னு இருந்துது. நான் பாத்தேன். வாயைத் திறக்கல, கையெழுத்தும் போட்டேன். நான் யோக்கியம்னு சொல்ல வரல. இந்த ரெண்டு வருஷம்ன்ற சட்டம் இருக்கற வரைக்கும் அவங்களும் பொய் சொல்லுவாங்க, நாமளும் சொல்லுவோம்."

ரங்கநாதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏர்போர்ட் ரோட்டில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. திரும்பாமலே, "என்ன வேணும் உங்களுக்கு?" என்றார்.

"ஒரு டெஸ்ட். மிச்சம் நாலு பேர் இருக்காங்க. உங்க கன்சல்டன்சி அனுப்பற அனுபவஸ்தர்களையும் கூப்பிடுங்க. எல்லாருக்கும் ஒரே வேலை. பேப்பர்ல பேர் வேண்டாம், வருஷம் வேண்டாம், நம்பர் மட்டும். நீங்களே திருத்துங்க. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்."

"நாலு பேரும் ஃபெயிலானா?"

"அப்புறம் இதைப் பத்தி உங்ககிட்ட பேசமாட்டேன்."

அவள் வெளியே வந்தபோது வரவேற்பில் தினேஷ் இல்லை. கழற்றிய டை மட்டும் நாற்காலியில் கிடந்தது.

டெஸ்ட் இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை நடந்தது. ரங்கநாதன் அதில் கறாராக இருந்தார். ஏற்கெனவே முடித்த ஒரு பழைய வடிவத்தை எடுத்து, அதில் தன் கையாலேயே ஒன்பது பிழைகளை ஒளித்துவைத்தார். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை நேரம். மர்பி டவுனிலிருந்து நாலு பேர், அனுபவம் உள்ளவர்கள் ஐந்து பேர். அன்று பாமா ஆபீசுக்குப் போகவில்லை. கிளாரன்ஸின் சென்டரில் போய் உட்கார்ந்துகொண்டு, அவருடைய மெஷின் ஒன்றில் மக்கர் செய்த ஃபிளாப்பி டிரைவைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க முகத்தப் பாத்தா நீங்கதான் எக்சாம் எழுதற மாதிரி கீது," என்றார் கிளாரன்ஸ், பன்னும் டீயும் கொண்டுவந்து வைத்து. "சாப்பிடுங்க. அல்போன்சாவத் தெரியாதா? கேள்வித்தாள்லயே தப்பு கண்டுபிடிச்சிட்டுதான் வரும்."

திங்கட்கிழமை ரங்கநாதன் ஒரு தாளை அவள் மேசையில் வைத்தார். ஒன்பது நம்பர்கள். முதல் இடத்தில் இருந்தவருக்கு ஏழு பிழைகள். அவர் மூன்று வருடம் அனுபவம் உள்ளவர். இரண்டாம் இடம் ஆறு பிழைகளோடு அல்போன்சாவுக்கு. சிந்துவும் ஐந்து வருட அனுபவம் உள்ள ஒருவரும் ஆளுக்கு ஐந்து. மர்பி டவுனின் மற்ற இருவரில் வீணா மூன்றும் அஷ்வின் இரண்டும்தான் கண்டுபிடித்திருந்தார்கள். கடைசி இடம் அஷ்வினுக்கு இல்லை. இரண்டு வருடம் மூன்று மாதம் என்று எழுதிக்கொடுத்த ஒருவருக்கு. அவர் ஒன்றுமே கண்டுபிடிக்கவில்லை.

"இவரைப் பத்தி விசாரிக்கச் சொல்லியிருக்கேன்," என்று அந்தக் கடைசி நம்பரைத் தொட்டுக் காட்டினார் ரங்கநாதன். பிறகு, "அல்போன்சா, சிந்து, ரெண்டு பேரையும் எடுத்துக்கறேன். டிரெய்னீன்னே எடுப்போம், கிளையண்ட்கிட்டயும் டிரெய்னீன்னே சொல்லுவோம். ஒத்துண்டா சரி, இல்லைன்னா நம்ம செலவு."

"வீணாவும் அஷ்வினும்?"

"மூணும் ரெண்டும் பத்தாது பாமா."

பத்தாதுதான். அவள் அதற்கு மேல் வாதாடவில்லை. மறுநாள் காலை வகுப்பில் அதை அவர்களிடம் மறைக்காமல் சொன்னாள். வீணா தலையாட்டிவிட்டு, "நான் விட்ட ஆறு என்னென்னன்னு தெரிஞ்சா போதும்," என்றாள். அஷ்வின் அன்றோடு வருவதை நிறுத்திவிட்டான். பிறகு அவன் மென்பொருள் வேலைக்குப் போய் நன்றாகவே இருக்கிறான் என்று கேள்விப்பட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாமா சந்தாபுராவுக்கு பஸ் ஏறினாள். மளிகைக் கடைக்காரர் வீட்டைக் காட்டினார். கதவைத் திறந்த தினேஷின் அப்பா, மகனைத் தேடி வந்திருப்பது ஆபீஸ்காரம்மா என்றதும் லுங்கியைச் சரிசெய்துகொண்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது பாமாவுக்குப் புரிந்தது. தினேஷ் அவளை வாசலுக்கு வெளியே, குழாயடிக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு வந்தான்.

"நீங்க சொல்லிட்டீங்களா மேடம்?"

"சொன்னேன்."

"சொல்லாம இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம். நீயும் எங்கிட்ட வந்து, அப்பாவுக்கு வேலை போயிடுச்சு, என்ன பண்றதுன்னு தெரியலன்னு சொல்லியிருக்கலாம். கால் சென்டருக்காவது ஒரு மாசம் போன்னு சொல்லியிருப்பேன். அந்த முத்திரைக்காரன்கிட்ட போகத் தோணுச்சு, எங்கிட்ட வரத் தோணல."

அவன் குனிந்து தரையைப் பார்த்தான். "அவரு கேட்டப்ப எனக்கு எல்லாமே தெரிஞ்சுது மேடம். அந்தக் கம்பெனி பேரை மட்டும் சொல்ல முடியல."

"தெரியும். நான் அங்கதான இருந்தேன்."

குழாயில் குடம் வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், கன்னடத்தில் நகரச் சொன்னாள். நகர்ந்தார்கள்.

"அந்த டெஸ்ட்டைக் கொண்டுவந்திருக்கேன்," என்றாள் பாமா, பையிலிருந்து ஒரு சிடியை எடுத்து. "ரங்கநாதன் சார்கிட்ட கேட்டுத்தான் வாங்கினேன், உன் பேரைச் சொல்லியே கேட்டேன். ஒன்பது இருக்கு. அவர் உன்னை எடுக்கமாட்டார், அதுல ஆசை வெச்சுக்காத. ஆனா நாளைக்கு ஆறு மணிக்கு கிளாஸ் இருக்கு. வீணா வர்றா, புதுசா அஞ்சு பேரும் வராங்க. வர்றதும் வராததும் உன் இஷ்டம்."

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தான். வேலையில் சேர்ந்த பிறகும் காலையில் சாவியோடு வந்துகொண்டிருந்த அல்போன்சா அவனுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பகலில் அவன் பொம்மனஹள்ளியில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். ஒன்பதில் எட்டைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஆறு நாள் ஆயிற்று. ஒன்பதாவதை வீணா கண்டுபிடித்தாள். அன்று அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பாமா வேறு எப்போதும் பார்த்ததில்லை.

அந்த வருடக் கடைசியில் வீணாவுக்கு இந்திரா நகரில் ஒரு சின்னக் கம்பெனியில் இடம் கிடைத்தது. தினேஷுக்கு இன்னும் ஏழு மாதம் பிடித்தது. ஒவ்வொரு இடத்திலும் அனுபவம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினான். பதினொரு இடத்தில் அந்த ஒரு வார்த்தையோடு காகிதத்தை மூடிவைத்தார்கள். இரண்டு இடத்தில், தான் செய்த வேலைகளைப் பதிந்து அவன் ரெஸ்யூமேவோடு இணைத்திருந்த சிடியைப் போட்டுப் பார்த்தார்கள். அதில் ஒன்றில், ஜூலை 2003இல், வேலை கிடைத்தது. சேர்ந்த அன்று மாலை அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஏர்போர்ட் ரோட்டுக்கு வந்து, பாமா வெளியே வரும்வரை வாசலில் நின்றான். அப்பா கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது.

"இவன் சொன்னாம்மா, எல்லாத்தையும்," என்றார் அவர். "அந்தப் பொய்யையும் சொன்னான்."

பாமா வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டாள்.

2004இல் வேலைகள் திரும்பி வந்தன. ரங்கநாதன் இரண்டு கல்லூரிகளுக்கு நேராகப் போய் ஆள் எடுக்க ஏற்பாடு செய்தபோது, தேர்வு செய்பவர்களுக்கு ஒரு நிபந்தனை எழுதிக்கொடுத்தாள் பாமா. சேரும் தேதியைக் கம்பெனி தள்ளிப்போட்டால், காத்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்திலும் கம்பெனிக்குள்ளேயே பயிற்சி தர வேண்டும். ரங்கநாதன் அதைப் படித்துவிட்டு மூன்று இடத்தில் வார்த்தைகளை மாற்றினார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அந்த டிசம்பரில் ஒரு நாள் காலை ஐந்தே முக்காலுக்கு, மல்லேஸ்வரத்தில் வாடகை வீட்டிலிருந்து கிளம்பிய பாமா அல்சூர் பக்கம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. தினேஷ். பின்னால் யாரோ பேசும் சத்தமும் ஏதோ விசிறியின் இரைச்சலும் கேட்டது.

"அக்கா, தைவான்லருந்து சிப்பு வந்துடுச்சு. ராத்திரி பூராவும் லேப்லதான் இருக்கோம். அதுல நான் எழுதின பிளாக் ஓடுது."

"முதல் தடவையேவா?"

"முதல் தடவையே. பக்கத்து ஆளோடது ஒண்ணு ஓடல, அதுக்குத்தான் எல்லாரும் மண்டைய ஒடைச்சுக்கிட்டு இருக்காங்க. நானும் போகணும்."

"போ. அதைப் பாரு," என்றாள்.

மர்பி டவுனில் இறங்கி மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு பின்தெருவுக்குப் போனபோது, ஷட்டர் பாதி உயர்ந்திருந்தது. உள்ளே பதினோரு பேர் இருந்தார்கள். இடம் பற்றாமல் கிளாரன்ஸ் பழைய டைப்ரைட்டர் மேசைகளையும் இழுத்துப் போட்டிருந்தார். அல்போன்சா பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். பாமா குனிந்து உள்ளே நுழைந்து, கடைசி வரிசையில் ஒரு பையனைக் கொஞ்சம் நகரச் சொல்லி உட்கார்ந்து, அவன் திரையில் என்ன தப்பு என்று பார்க்க ஆரம்பித்தாள்.